பம்பரில் குடியிருந்த சென்சார்

ஒரு காரின் பின்பக்க பம்பரில் ஒரு குட்டி சென்சார் குடியிருந்தது. கார் ரிவர்ஸ் எடுக்கும்போது யாராவது கிட்டே வந்துவிட்டால் அதற்குத் தலைகால் புரியாது. "வாங்க, வாங்க!" என்று கூவும். நெருங்க நெருங்க இன்னும் பலமாகக் கூவும். உள்ளே இருக்கும் டிரைவருக்கு அது வெறும் 'பீப் பீப்' என்றுதான் கேட்கும். உடனே பிரேக் போட்டுவிடுவார். வீட்டு மதில்சுவர்கூட தினமும் ஒரு முழம் தள்ளியே நின்றுவிடும்.

"என்கிட்ட மட்டும் ஏன் யாருமே வந்து சேர மாட்டேங்கிறாங்க?" என்று பக்கத்திலிருந்த கேமராவிடம் கேட்டது சென்சார்.

கேமராவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. "நீ போடுற சத்தத்துக்கு யார் வருவா? கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்து பாரு" என்றது.

மறுநாள் மதில்சுவர் நெருங்கியது. சென்சார் மூச்சுக் காட்டவில்லை. சுவர் நிற்காமல் வந்தது. அதன் பாசியும் விரிசலும், விரிசலில் ஊர்ந்த எறும்பும் முதன்முறையாகத் தெரிந்தன. அப்புறம், டமார்!

மெக்கானிக் அதைப் பிடுங்கிப் பழைய சாமான் டப்பாவில் போட்டார். அங்கே துருப்பிடித்த நட்டும் போல்ட்டும் நாலாபக்கமும் அதை ஒட்டி உரசிக்கொண்டு கிடந்தன. "வாங்க, வாங்க!" என்று கூவ வாயெடுத்தது சென்சார்.

வயர் அறுந்திருந்தது.