சுவருக்கு அந்தப் பக்கம்

"பெத்தவகிட்ட பிள்ளையைக் குடுக்கறதுக்கு இத்தனை கேள்வியா?"

வரிசையில் நின்ற லாரி டிரைவர் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டார். வெள்ளத்தில் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் தங்கைக்காக அவள் மகனைத் தேடி, அன்று காலையில்தான் அந்த முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தார். பள்ளிக்கூடம்தான் முகாம். தனியாக வந்து சேர்ந்த பிள்ளைகள் உள்ளறையில். வாசலில் ஒரு மேசை, அதன் பின்னால் படிவமும் கையுமாக ஒரு இளம்பெண். சின்ன வயசு, ஆனால் முகத்தில் கலெக்டர் விறைப்பு.

டிரைவருக்கு முன்னால் நின்றவளின் புடவையில் முழங்கால் வரைக்கும் சேறு. நாலு நாள் தூங்காத கண்கள்.

"கடைசியா பார்த்தப்ப குழந்தை என்ன போட்டிருந்தா?" என்று கேட்டாள் இளம்பெண்.

"நீலக் கவுன்."

"இங்க மஞ்சள் சட்டைன்னு இருக்கே."

"பக்கத்து வீட்டுல விட்டிருந்தேன். நனைஞ்சிருக்கும், அவங்க மாத்திவிட்டிருப்பாங்க."

"இருக்கலாம். ஆனா பொருந்தலையே. அப்படி பெஞ்சுல உக்காருங்க. குழந்தைகிட்ட தனியா கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்."

அந்த நேரம் பார்த்து, "அம்மாகிட்ட போணும்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் வீறிட்டது. சேற்றுப் புடவைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"பார்த்தியா, குரல் கேட்டதும் எப்படித் துடிக்கிறா! உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாம்மா?" என்று டிரைவர் மறுபடி கத்தினார்.

இளம்பெண் பேனாவைக் கைதவறவிட்டு, குனிந்து எடுத்தாள். நம்ம அதட்டலுக்கே ஆடிப்போயிட்டா என்று டிரைவருக்கு உள்ளூர ஒரு திருப்தி. ஆனால் அவள் மசியவில்லை.

"முந்தாநாள் பக்கத்து முகாம்ல ஒருத்தன் சித்தப்பான்னு சொல்லிக்கிட்டு வந்தான். அவனும் அழுதான். நம்பிக் குடுத்துட்டாங்க. அந்தப் பிள்ளையை இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க."

இருந்தாலும் டிரைவருக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"நீ ஏம்மா ஊமை மாதிரி உக்காந்திருக்கே? நறுக்குன்னு நாலு வார்த்தை கேளேன்."

"அந்தப் பொண்ணு செய்யறது சரிதாண்ணே" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சுத்தமாகப் பிழைக்கத் தெரியாதவள் என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அரை மணி கழித்து உள்ளேயிருந்து ஆயா வந்தாள். "தூங்க வைக்கறப்ப உங்க பொண்ணுக்கு என்ன செய்வீங்க?"

"இடது காதைத் தடவிவிடுவேன். வலது காதைத் தொட்டா சண்டைக்கு வருவா."

ஆயா சிரித்துவிட்டாள். "பாப்பா அச்சு அசலா இதையேதான் சொன்னா. மஞ்சள் சட்டையும் பக்கத்து வீட்டு அக்காவோடதாம்."

கதவு திறந்தது. ஓடிவந்த குழந்தை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்ட வேகத்தில் இரண்டு பேருமே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைத்த கையோடு மேசை முன்னால் போய் நின்றார்.

"இப்ப என் முறைதானே? அதுக்கு முன்னாடி, இந்தக் கேள்வியெல்லாம் எழுதின புண்ணியவான் யாரு? வரச் சொல்லு அந்த ஆளை. நானும் நாலு கேள்வி கேட்கணும்."

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை உடைந்து வர, இளம்பெண் எழுந்து நாற்காலியை விட்டு ஒதுங்கினாள்.

சேற்றுப் புடவைக்காரி பிள்ளையை இடுப்பில் இடுக்கியபடி மேசையைச் சுற்றிவந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எழுதினது நான்தாண்ணே. யாரா இருந்தாலும் விடாதேன்னு இவகிட்ட சொன்னதும் நான்தான்" என்றபடி புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். "உங்க தங்கச்சி மகன் பேரைச் சொல்லுங்க."