மதில்மேல் ஒரு பெயர்

மில்லுக்கு லீவு. தேர் பார்க்கச் சனமெல்லாம் பழைய கோட்டை மதில்மேல் ஏறி நடக்கிறது. மாலை வெயிலில் செங்கல் தகதகக்கிறது. கீழே முருகன் தேர் அசைந்து அசைந்து வருகிறது. பழனாத்தாளுக்கு முன்னால், தேரிலேயே கண்ணாகப் போகிற அவள் புருஷனுக்கு, அடுத்த எட்டில் மதில் இடிந்து கிடப்பது தெரியவில்லை. “ஏனுங்க!” என்று அலறுகிறாள். ஏழெட்டு ஆண்கள் திரும்புகிறார்கள், அவன் திரும்பவில்லை. கட்டியவன் பெயரென்று இதுநாள்வரை வாயில் எடுக்காதது தானாக வந்துவிடுகிறது: “ஆறுச்சாமீ!” “அரோகரா!” என்று மதில் முழுக்கச் சனம் தேரைப் பார்த்துக் கைகூப்புகிறது. அவன் ஒருவன்தான் இடிந்த விளிம்பில் நின்று அவளைத் திரும்பிப் பார்க்கிறான். “பேரச் சொல்லியா கூப்புட்டே, அம்மணி?” முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். “நான் சாமியக் கூப்புட்டேனுங்க.”