பென்சில் பிரதி

காலமான பாஸ்கலின் இத்தாலிய மோட்டார் சைக்கிளை மதிப்பிட ஆவடிக்குச் சென்றேன். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. வண்டி முழுக்க அசல். எண்களின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, இரண்டையும் பிரதியெடுத்துக் கையொப்பமிட்டேன். பிறகு அவர் மனைவி சகாயம்மாளிடம், "எஞ்சின மாத்தியிருக்காங்கம்மா, நம்பர் ஒத்துப்போகல" என்று பொய் சொல்லி, பாதி விலைக்கு வாங்கினேன்.

மூன்று வாரங்களாகியும் அதை ஓட்ட மனம் வரவில்லை. அந்தத் தாளுடன் திரும்பிச் சென்று உண்மையைச் சொன்னேன்.

சகாயம்மாள் கண்ணாடி அணிந்து படித்தார். "இன்னா நைனா, கலாய்க்கிறியா? ஒண்ணு ஏழுல முடியுது, ஒண்ணு நாலுல முடியுது. அன்னிக்கு நெசத்ததான் சொல்லிக்கீற."

வாங்கிப் பார்த்தேன். ஏழு, நான்கு. அன்று நான் தேய்த்தெடுத்தபோது இரண்டும் ஏழில்தான் முடிந்தன. கீழே என் கையொப்பம்.

"என் தம்பி ஜோஸும் வண்டிய விக்கிறான். நேர்மையான ஆளுன்னு உன்னத்தான் சொல்லிக்கீறேன்" என்று காபியை நீட்டினார்.