இடது கன்னத்து மச்சம்

இதழாசிரியர் தினேஷ்குமார் மேசைமேல் இருந்த முகக்கண்ணாடியை நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கங்களை விரித்தார்.

நான் கண்ணாடியைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் பேருந்தில் கோத்தகிரிக்கு ஏறி வந்திருந்தார். கையில் பிழைகளை மறைக்கும் வெள்ளை மைப் பேனா. இருபத்துமூன்றாம் இதழ் மாலையில் அச்சுக்குப் போக வேண்டும்.

எங்கள் காமிக்ஸின் நாயகி பெயர் உறைபனி. அவள் கை பட்டால் அருவி நிற்கும்.

கதை நான். இருபத்திரண்டு இதழ்களுக்குப் படம் என் மனைவி கெஸியா.

ஏப்ரலில் கெஸியா இறந்துபோனாள். இந்த இதழை நானே வரைந்தேன்.

"ஏனுங்க டெனின், இருவத்திரெண்டு புக்குல வலது கன்னத்துல இருந்த மச்சம் எடது கன்னத்துக்கு எப்படிங்க குடி போச்சு? நம்ம வாசகருங்க உறைபனிக்கு ஜாதகமே எழுதி வச்சிருக்காங்க. கிழிச்சுத் தொங்கவுட்டுருவாங்க!"

உண்மைதான். ஒருமுறை அவளுடைய ஷூ லேஸ் நிறம் மாறியதற்கே நாற்பது கடிதங்கள் வந்தன.

மாற்ற மாட்டேன் என்றேன்.

அவர் இன்னொரு வழி சொன்னார். முதல் பக்கத்தில் ஒரு கட்டம். இவள் வேறொரு பிரபஞ்சத்து உறைபனி. பழையவள் அவளுடைய பூமியில் நலமாக இருக்கிறாள். வெளிநாட்டு காமிக்ஸில் செத்தவர்கள்கூட இப்படித்தான் திரும்பி...

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வெளியே ஃபேக்டரிச் சங்கு ஊதி ஓய்ந்தது.

"வேற பூமியெல்லாம் இல்லீங்க. இருக்கறது இது ஒண்ணுதான்" என்றேன்.

அப்படியானால் இந்த இதழில் உறைபனி வரமாட்டாள் என்றார். இனி எந்த இதழிலும்.

வெள்ளைப் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

நான் தூரிகையை எடுத்தேன். கறுப்பு மையில் தோய்த்தேன். பதினாறு பக்கங்களிலும், அவள் முகம் வரும் ஒவ்வொரு கட்டத்திலும், இடது கன்னத்து மச்சத்தை இன்னும் கறுப்பாக்கினேன்.

அவர் தடுக்கவில்லை. கெஸியா வரைந்ததைப் பார்த்தாவது வரைந்திருக்கலாமே என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

கெஸியா உறைபனிக்கு வரைந்தது தன்னுடைய முகத்தை, மச்சத்தோடு. இந்தக் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிந்தபடியே.

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன்.

"வேணும்னா அந்த இருவத்திரெண்டையும் வேற பூமின்னு போட்டுக்குங்க" என்றேன்.