ஏழாம் குழாய்

பீங்கான் சூளையில் வேலை பார்த்த கணவர் இறந்து நான்கு வருடம். விருத்தாசலத்து ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைக்கும் தெரேசம்மாளுக்கு அவைதான் பேச்சுத்துணை.

சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு எலியின் ரத்தத்தையும் அதன் எண்ணிட்ட கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சோதிப்பதும் அவள்தான். தேங்காயெண்ணெய்த் தீனி தின்ற எலியின் ரத்தத்தில் மருந்து விட்டால் கரும்பச்சை ஏறும். கொழுப்பு அதிகம் என்று அர்த்தம். தீனியில் ஸ்டீரால் என்ற தாவரப் பொடியைக் கலந்தால் பச்சை வாராவாரம் வெளுக்கும்.

ஏழாம் எலி செத்த அன்றும் மறதியில் அதன் கிண்ணத்தில் பொடி கலந்த தீனியை வைத்துவிட்டாள். காலையில் கிண்ணம் காலி. கூண்டு பூட்டியபடியே இருந்தது. சனிக்கிழமை மனசு கேட்காமல், ரத்தமே இல்லாத ஏழாம் குழாயில் மருந்தை மட்டும் விட்டாள். பச்சை ஏறியது.

அடுத்த வாரம் அது வெளுத்தது.

"செத்த எலிக்கு எதுக்கும்மா தீனி?" என்றார் அதிகாரி நடராசன்.

"கை பழகிடுச்சுங்க சார்."

நான்காம் வாரம் பச்சை இருக்கிறதா என்று ஜன்னலோரம் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அன்றே பொடியை நிறுத்தினாள். வீட்டிலிருந்து நெய் கொண்டுவந்து தீனியில் பிசைந்தாள்.

"நல்லா துன்னு. போயிடாத."

அடுத்த சனிக்கிழமை ஏழாம் குழாயில் கரும்பச்சை.

தெரேசம்மாள் சீக்கிரமே வீட்டுக்குப் போனாள். நான்கு வருடமாகக் கவிழ்ந்தே கிடந்த கணவரின் தட்டை நிமிர்த்திக் கழுவினாள். சோற்றில் நிறைய நெய் ஊற்றத் தொடங்கினாள்.