கட்டார் விலாசம்

"உன்ர ஜெராட்டின்ர கட்டார் விலாசத்தை ஒருக்காத் தா ரோஸ். எங்கட கொலின்ஸும் வெள்ளிக்கிழமை கட்டாருக்குப் போறான்."

மேரி ரோஸின் கையிலிருந்த கணவாய் மீன் வழுக்கிச் சட்டிக்குள் விழுந்தது.

குசினி வாசலில் நின்றவள் பக்கத்து வீட்டுப் பிரான்சிஸ்கா. கீரிக் கிராமத்தில் ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் ஒழுங்கைக்குத் தடிமன் என்று செய்தி கொண்டு போகிறவள்.

"விலாசமோ? அவன் இப்ப கம்பனி மாறீற்றான் அக்கா. புது இடம் எனக்குத் தெரியாது."

"அப்ப போன் நம்பரைத் தாவன்."

"அங்க போன் வைச்சிருக்க விடமாட்டினம்."

"இப்பிடியும் ஒரு கம்பனியோ!" என்று பிரான்சிஸ்கா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சரி, இன்றைக்கு இவள் எழும்பமாட்டாள் என்று மேரி ரோஸுக்கு விளங்கிவிட்டது.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். மேரி ரோஸின் பொய் மட்டும் மாதக் கணக்காக நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. மகன் ஜெராட் கட்டாரில் இல்லை. போதைத் தூள் வாங்குவதற்காகத் தகப்பனின் வலையையே விற்றவன், இப்போது வவுனியா போகிற வழியில், அந்தப் பழக்கத்தை விடுவிக்கப் பாதர்மார் நடத்துகிற ஓர் இல்லத்தில் இருந்தான். அங்கே போனது ஊருக்குத் தெரிந்தால் என்ன என்று கேட்பவர்கள் கீரியில் பெண் பிள்ளை வளர்த்திருக்க மாட்டார்கள். குடிகாரன் என்றால் ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும். தூள்காரன் என்றால் அவன் தங்கைக்கும் கலியாணம் இல்லை. ஜெராட்டின் தங்கை ஜெனிஸ்ராவுக்குத் தலைமன்னாரில் இப்போதுதான் ஓர் இடம் பொருந்தி வந்திருந்தது.

"போன புதிசில பொடியனுக்குக் கஷ்டமாய் இருந்ததோ?" பிரான்சிஸ்கா விடவில்லை.

"ஓம். முதல்ல நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கேல்லை. வீட்ட போகப் போறன் எண்டு ஒரே அழுகை. பிறகு பழகீற்றான்."

"அங்க அடிக்கிறவையே?"

மேரி ரோஸ் நிமிர்ந்து பார்த்தாள். மகனைக் கட்டாருக்கு அனுப்புகிற தாய் சம்பளத்தைக் கேட்பாள், வெக்கையைக் கேட்பாள். இவள் ஏன் அடியைக் கேட்கிறாள்? நிச்சயம் எதையோ மோப்பம் பிடித்துவிட்டாள்.

"இல்லை அக்கா. சொந்தப் பிள்ளையள் மாதிரித்தான் வைச்சிருக்கினம்." இது உண்மை என்பதால் அழுத்தமாகவே சொன்னாள்.

"இப்ப ஆள் தேறீற்றானோ?"

"முகத்தில ஒரு வெளிச்சம் வந்திருக்கு."

"நீ எங்க கண்டனீ?"

"வீடியோக் கோலில."

"போன் விடமாட்டினம் எண்டாய்?"

"அது... சுப்பவைசரின்ர போன்."

பிரான்சிஸ்கா கணவாய்ச் சட்டியை எட்டிப் பார்த்தாள். "மாசா மாசம் மடுக் கோயிலுக்கெண்டு போறாய். போற அண்டைக்கு விடியவே உன்ர வீட்டில கணவாய் பொரியிற மணம். அதெல்லாம் ஆருக்கடி?"

"வழிச் சாப்பாடு அக்கா."

பிரான்சிஸ்கா "சரி, வாறன்" என்று எழும்பிப் போனாள். அவள் கேள்வி கேட்டதைவிட மேலும் கேளாமல் போனதுதான் மேரி ரோஸைப் பயப்படுத்தியது.

அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கொலின்ஸ் கட்டாரில் போய் இறங்குவான். ஊர்க்காரர்களை விசாரிப்பான். "அப்பிடி ஒருத்தனும் இஞ்ச இல்லை அம்மா" என்று வீட்டுக்குச் சொல்லுவான். அடுத்த நாளே அது தலைமன்னாருக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். பிரான்சிஸ்காவின் காலைப் பிடித்தாவது உண்மையைச் சொல்லி, மகனின் வாயைக் கட்டச் சொல்லவேண்டும். போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது.

"வான் பிடிச்சு அப்பவே போயிட்டினம்" என்றாள் எதிர்வீட்டுப் பெண். "தாயும் மோனும் ஒரே அழுகை. வெளிநாடு எண்டால் சும்மாவே?"

ஞாயிற்றுக்கிழமை. நடப்பது நடக்கட்டும் என்று மேரி ரோஸ் கணவாய்ப் பொரியலைச் சாப்பாட்டுக் கரியரில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழக்கம்போலவே மடுச் சந்தியில் இறங்காமல் இல்லத்தடி வரை போனாள்.

இல்லத்து முற்றத்தில் பாலை மரத்தின் கீழ் ஜெராட் இருந்தான். போர்வையால் தலையையும் மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த யாரோ ஒரு பொடியனுக்குத் தேத்தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தான். "ஒரு மிடறு குடியடா. எனக்கும் இப்பிடித்தான் இருந்தது. போயிடும்."

தாயைக் கண்டதும் ஜெராட்டின் முகம் மலர்ந்தது. போர்வைக்குள் இருந்தவனின் தோளில் கையைப் போட்டான்.

"அம்மா, கட்டார் விலாசம் தரமாட்டன் எண்டீங்களாம். பாத்தீங்களோ, கொலின்ஸ் என்னைத் தேடிப் பிடிச்சிட்டான்!"

மேரி ரோஸ் மலைத்துப்போய் நிற்க, பின்னாலிருந்து ஒரு கை கரியரை மெல்ல வாங்கியது. பிரான்சிஸ்கா. அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"நீ மடுச் சந்தியில இறங்காமல் இஞ்ச வந்து இறங்கினதைப் போன மாசமே அதே பஸ்ஸில இருந்து கண்டனான்" என்றாள். "அடிக்கமாட்டினம் எண்டு உன்ர வாயால கேட்டாப் பிறகுதானடி பிள்ளையைக் கொண்டந்தனான்."