பூவைக் குடித்த தெரு

அந்தத் தெருவில் பெய்யும் மழையைத் தெருவே குடித்துவிடும். தரையில் பதித்த துளைக்கற்களின் வழியே மழைநீர் இறங்கி, ஜல்லியிலும் மணலிலும் மெல்ல ஊறி, கோடையில் அதே தெருவின் வீட்டுக் குழாய்களில் வரும். மக்கள் காய்ச்சிக் குடிப்பார்கள். துளைகள் அடைபடாமல் எந்திரத்தால் தூசியை உறிஞ்சியெடுப்பது நிறைமதியின் வேலை. யாருடைய இறுதி ஊர்வலம் போனாலும், இறைத்த பூவையெல்லாம் மழைக்கு முன் அவள்தான் எடுப்பாள்.

ஐப்பசியில் அவள் கணவன் இனியனே பூ இறைத்த அந்த வழியில் போனான். ஊர்வலம் தெருமுனை திரும்பியதும், கூட வேலை செய்யும் லோகேஷ் எந்திரத்தோடு வந்து நின்றான்.

"அக்கா, மேகம் கட்டிக்கினு வருது. பூவ எடுத்துடட்டா?"

"இன்னிக்கு வாணாம்டா."

"அழுகிப் போயி ஓட்டைய அடைச்சிக்கும்க்கா. தெருவுல தண்ணி நிக்கும்."

"நிக்கட்டும். அவரு போன வழிடா அது."

மழை கொட்டியது. பல வருஷங்களுக்குப் பிறகு அந்தத் தெருவில் தண்ணீர் தேங்கியது. ரோஜா இதழ்களுக்கு நடுவே தெருவிளக்குகள் தலைகீழாக மிதந்தன. அக்கம்பக்கத்தார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அலை எழும்பாமல் நடந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கல் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் குடித்து முடித்தது.

சித்திரையில் ஒரு காலை, எதிர்வீட்டு மேகலா கையில் சொம்போடு வந்தாள்.

"எங்க குழாய்த் தண்ணிதான். மோந்து பாரேன், மதி."

ரோஜா வாசம். நிறைமதி சொம்பை வெகுநேரம் முகத்தோடு சேர்த்து வைத்திருந்தாள். பிறகு ஒரு வாய் குடித்தாள்.

அன்று அந்தத் தெருவில் ஒருவரும் தண்ணீரைக் காய்ச்சவில்லை.